நாலாவது வரி

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் ஒரு பொய் சொல்வாள். மற்ற ஆறு நாளையும் அதற்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நாலாவது வரியைப் படிங்க" என்பார் கண் பரிசோதகர்.

நாலாவது வரி என்ன, ஏழாவது வரிக்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயர்கூட அவளுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு, "ப... இல்ல, ம... ஏதோ எறும்பு ஊருற மாதிரி இருக்கு சார்" என்பாள்.

"அடடா" என்று, சக்கரம் வைத்த ஸ்டூலை உருட்டிக்கொண்டு அவர் கிட்டத்தில் வருவார். இரண்டு விரலால் அவள் முகவாயை நிமிர்த்தி, கண்ணுக்குள் விளக்கடிப்பார். "என்னையே பாருங்க. இமைக்காதீங்க."

இமைப்பதா? அவளுக்கு மூச்சே நின்றுபோயிருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஜெராக்ஸ் இயந்திரத்து மைத்தூள் கண்ணில் விழுந்துதான் முதல்முதலில் அவரிடம் போனாள். துடைத்து எடுத்துவிட்டார். தூள் கண்ணை விட்டுப் போனது. அவர் போகவில்லை.

இரண்டாம் மாதம் கண்ணாடி கொடுத்தார். நல்ல கண்ணில் கண்ணாடி போட்டால் தலை சுற்றும் என்று பயந்துகொண்டே போட்டாள். ஒன்றும் சுற்றவில்லை. என்ன கைராசி என்று உருகிப்போனாள்.

அவள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே ஒரு நகைக்கடை. அதை ஒட்டினாற்போல் அவருடைய மாடிக்குப் போகும் படிக்கட்டு.

"அந்தப் படிக்கட்டையே முறைச்சுக்கிட்டிருந்தா கண்ணு கெடாம என்னடி செய்யும்?" என்பாள் கடைக்கார அக்கா. "மூணு காப்பி கேட்டவருக்கு முப்பது போட்டு வச்சிருக்கே!"

போன வெள்ளிக்கிழமை அவர் புதிதாகச் சில கேள்விகள் கேட்டார்.

"உங்க சீட்ல இருந்து பார்த்தா எதிர்க்கடை தெரியுதா?"

"கண்ணாடி போட்டாலும் மங்கலாத்தான் சார்."

"யாராவது உள்ள போனா, வந்தா?"

"ஆள்னு தெரியும். யாருன்னு தெரியாது."

"ச்சு ச்சு" என்று வருந்தி, அதையெல்லாம் அவளுடைய அட்டையில் அக்கறையாக எழுதிக்கொண்டார். அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. அக்கா கேட்காமலேயே கடையை இரண்டு தடவை பெருக்கினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. நகைக்கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு, கண்ணைக் காட்டுவதற்காக மாடிக்குப் போனார். சிறிது நேரத்தில் வெள்ளைக் கோட்டோடு கண் பரிசோதகர் இறங்கி வந்தார். அவளுக்கு நெஞ்சு துள்ளியது.

அவர் கையில் சாவிக்கொத்து. நகைக்கடையைத் திறந்தார், உள்ளே போனார். பத்து நிமிடத்தில் கனத்த கறுப்புப் பையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டினார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியேறினார்.

பதிலுக்குச் சிரித்து முடித்த பிறகுதான், தான் பார்த்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கண்ணுல சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வச்சிருந்தாங்களாம் நகைக்கடைக்காரரை. சாவி பக்கத்து மேஜையிலேயே இருந்துச்சாம். பூட்டு உடையல, நகை மட்டும் காணோம். அந்த மனுஷனே எடுத்துட்டு நாடகம் ஆடறார்னு நினைக்கிறேன். நீ எதையாவது பார்த்தியாம்மா?"

நகைக்கடைக்காரர் தங்கமான மனிதர், அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் உண்மையைச் சொன்னால், தன் முகவாயை நிமிர்த்திய அந்தக் கைக்கு விலங்கு. அவளுக்குக் கண் தெரியாது என்று நம்பித்தானே, பாவம், அவர் முகத்தைக்கூட மூடாமல் வந்தார்?

"கண்ணாடி போட்டாலும் எனக்குத் தூரத்துல இருக்கறது தெரியாது சார். மாடியில என் அட்டை இருக்கு, பாருங்க."

"பார்த்தேன். அவரும் அதைத்தான் சொன்னார். 'பாவம் சார், அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னார்."

தொந்தரவு பண்ணாதீங்க என்றாரா! இத்தனை களேபரத்திலும் என் நினைப்பா! அவளுக்குக் காது வரைக்கும் சிவந்தது.

"சரி, சொன்னதை எழுதிக்கறேன், கையெழுத்துப் போடு" என்று காகிதத்தை விரித்த இன்ஸ்பெக்டர், சட்டைப் பையைத் தடவினார். "என் கண்ணாடியை ஜீப்புல விட்டுட்டேன். உன்னுதைக் குடு."

அவள் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டார்.

"என்னம்மா இது? போட்டாலும் அதேதான், கழட்டினாலும் அதேதான். பவரே இல்ல, வெறும் ஜன்னல் கண்ணாடி!"

அவள் நெஞ்சுக்குள் ஜிவ்வென்று ஏதோ ஏறியது. அப்படியென்றால் அவருக்குத் தெரியும்! என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தும், வாராவாரம் வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார்!

ஏறியது பாதி வழியிலேயே நின்றது.

அப்படியென்றால் மதியம் சிரித்த அந்தச் சிரிப்பு, கண் தெரியாதவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. எல்லாவற்றையும் பார்த்தாலும் இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று தெரிந்து அவன் சிரித்த சிரிப்பு.

அவள் கண்ணாடியைத் திருப்பி வாங்கவில்லை. தெருவைத் தாண்டி மாடியில் தொங்கிய பலகையை வெறும் கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த போர்டுல நாலாவது வரி, பொடி எழுத்துல, 'மாலை ஐந்து மணி வரை'ன்னு போட்டிருக்கு சார்" என்றாள். "இப்ப மணி நாலு அம்பது. கறுப்புப் பையோட கிளம்பறதுக்குள்ள ஓடுங்க!"