முப்பது சதவீதம்

"நாலு தடவை எண்ணிட்டேன் சார். ரெண்டு பெட்டியிலயும் ஒரே அளவுதான் வருது."

"உன் கண்ணை முதல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றபடி பேராசிரியர் நாற்காலியை இழுத்து மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தார். ஆய்வு மாணவி ஒதுங்கி நின்றாள்.

நினைவாற்றலுக்கான புது மருந்து. அது வேலை செய்தால் எலியின் மூளை செல்களில் புது இணைப்புகள் குட்டிக்குட்டி மொட்டாக முளைத்திருக்கும். சிவப்புப் பெட்டியில் மருந்து போட்ட எலிகளின் மூளைச் சீவல்கள். நீலத்தில் வெறும் உப்புத்தண்ணீர் போட்டவை.

எது எதுவென்று தெரியாமல் எண்ணுவதற்காக, சீவல் ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் நிற அடையாளத்தையும் அவள் காகிதம் ஒட்டி மறைத்திருந்தாள். வகுப்பில் அவர் சொல்லிக்கொடுத்த விதிதான். அவரே அந்தக் காகிதங்களைப் பிய்த்துப் போட்டார்.

"அதெல்லாம் உங்களுக்கு. நான் இருபத்தஞ்சு வருஷமா இதைப் பாக்கறவன்."

எண்ண எண்ண அவர் கால் தாளம் போட ஆரம்பித்தது. "இதோ ஒண்ணு. பக்கத்துலயே இன்னொண்ணு. இதை எப்படி விட்டே?"

குனிந்து பார்த்தாள். தூசி மாதிரி இருக்கிறது என்றாள். நீலத்தில் அதே மாதிரி வந்ததை அவர் தூசி என்று தள்ளியதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை.

மத்தியானத்துக்குள் கணக்கு முடிந்தது. சிவப்பில் முப்பது சதவீதம் அதிகம்.

மனிதர் தரையில் நிற்கவில்லை. பலகையில் முப்பது என்று எழுதி இரண்டு கோடு போட்டார். மனைவிக்குப் போன் செய்து, வெளிநாட்டு மாநாட்டுக்குப் பெட்டி கட்டத் தயாராக இருக்கச் சொன்னார். எதிர் ஆய்வகத்துக்காரரை வலியக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

பிறகு மாணவியை ஆய்விலிருந்து நீக்கி ஒரு கடிதம் அடித்தார். கண் இருக்கிற யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவளுடைய மூன்று வருட உழைப்பு. மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தபோது எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற எலியண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்தார்.

"சார், ஒரு கையெழுத்து. கை பழகறதுக்காக முதல் பத்து எலிக்கு, சிவப்பு, நீலம் ரெண்டுக்குமே உப்புத்தண்ணியே போடச் சொன்னீங்களே, அது முடிஞ்சு சீவலும் இங்க வந்தாச்சு. நாளையிலேர்ந்து மருந்தை ஆரம்பிச்சுடலாமா?"