ஒரே பெயரில் இரண்டு ஃபைல்

“பதினோரு மணிக்குள்ள நாடி ஏர்போர்ட்ல நிக்கணும். ஞாபகம் இருக்கா?” என்றாள் விநிதா, வாசலில் நின்றபடியே.

வெளியே டாக்சியில் நான்கு பெட்டிகள். உள்ளே சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை மிதுன்.

ஃபிஜித் தீவின் சிகடோகா ஊரில், காய்கறி ஏற்றுமதிச் சங்கத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துவந்தவன் அவன். அவன் மனைவி விநிதா அங்கேயே குமாஸ்தா. நேற்றோடு இருவருக்கும் வேலை முடிந்தது. போன வருஷம் ஆட்சியைக் கவிழ்த்த கலவரத்தில் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. அந்த வாரமே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியேற மனுப் போட்டார்கள். இன்றைக்குள் போய் இறங்காவிட்டால் விசா செல்லாது.

விடிந்ததும் சங்க மேலாளர் சுரேந்திராவின் போன். ஏற்றுமதிச் சான்றிதழ் அச்சடிக்கும் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்கிறது. சான்றிதழ் இல்லாமல் கத்தரிக்காய் விமானம் ஏறாது.

“காய் எடை போடற தராசுக் கம்பெனி கொடுத்த புது புரோகிராமை யாரோ இதுல ஏத்தியிருக்காங்கண்ணே,” என்றான் மிதுன். “ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஃபைல், ஒரே பேரு. புதுசு வந்து பழசை அழிச்சிடுச்சு. பழைய புரோகிராமுக்குப் புதுசு ஒத்து வரலை.”

“கலவரத்துக்கப்புறம் டூரிஸ்ட் வராம ஹோட்டலெல்லாம் பாதி காலி, தம்பி. நாப்பது குடும்பத்துக்கு இதை விட்டா வேற பிழைப்பில்ல,” என்றார் பக்கத்தில் நின்ற சுரேந்திரா.

மிதுன் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, சான்றிதழ் புரோகிராமின் சொந்த ஃபோல்டரிலேயே வைத்தான். புதியது தராசுக்கு மட்டும். பிரின்டர் கரகரவென்று முதல் சான்றிதழைத் தள்ளியது. சுரேந்திரா கையெடுத்துக் கும்பிட்டார்.

மணி ஒன்பதே கால். நாடிக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம்; இப்போது கிளம்பினாலும் விமானத்தைப் பிடித்துவிடலாம்.

“நாப்பது சான்றிதழும் சரியா வருதான்னு பார்த்துட்டுப் போறேன்,” என்றான் மிதுன்.

ஒவ்வொரு தாளாக எடுத்து வரி வரியாகப் படித்தான். விநிதா இரண்டு முறை வந்து மணி சொன்னாள். மூன்றாம் முறை வரவில்லை. கடைசித் தாளும் வந்து, காய்கறி லாரி கிளம்பியபோது மணி பத்தே முக்கால்.

டாக்சியின் பின்சீட்டில் விநிதா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“முதல் தாள்லயே எல்லாம் சரியாயிடுச்சு, விநிதா. நான்தான் வேணும்னே இழுத்தேன்.” டாக்சிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். “எனக்குப் போக மனசில்ல. நீ பயந்து கிடந்தியே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அழப்போகிறாள் என்று நினைத்தான். அவளோ நிம்மதியாக மூச்சை விட்டு, அவன் உட்கார இடம் கொடுத்து நகர்ந்தாள்.

“எனக்கும்தான் போக மனசில்ல. எனக்காகத்தானே நீங்க கிளம்பறீங்கன்னு நானும் வாயைத் திறக்கல. அந்த ரெண்டு புரோகிராமையும் ஒரே மெஷின்ல ஏத்தக் கூடாதுன்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. அதனாலதான் நேத்து சாயந்திரம் நானே ஏத்திட்டு வந்தேன்.”