இன்னும் ஒரு முழம்

"போதும், மூடிவிடலாம்" என்று அதிகாரி சொன்னபோது சென்னியம்மாள் குழிக்குள் மண் கூடையோடு நின்றிருந்தாள்.

கூடையை அவள் மேலே கொடுக்கவில்லை.

மூன்று நாளாகத் தோண்டுகிறார்கள். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, அவள் குடும்பத்துச் சோளக்காட்டின் நடுவே அந்தக் கல் அறை இருந்தது. நான்கு பக்கமும் பலகைக் கல் நட்டு, மேலே மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரே கல்லாக மூடியிருந்தார்கள். அந்த மூடுகல்லை முதல் நாளே நெம்பி ஒதுக்கியாயிற்று. கிழக்குக் கல்லில் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. ஊரில் அதற்குக் குள்ளர் ஊடு, அதாவது குள்ளர்களின் வீடு, என்று பெயர்.

அதை எதற்காகக் கட்டினார்கள் என்பதில் ஆளுக்கொரு பேச்சு.

முழங்கால் உயரத்து மனிதர்கள் குடியிருந்தார்கள் என்றார்கள் சிலர். தானியம் கொட்டி வைத்த இடம் என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார். சமாதியாக இருக்கலாம், ஆனால் எலும்பு எதுவும் வைக்காமல் செத்தவர் நினைவுக்கென்று மட்டும் கட்டியவையும் உண்டு என்றார் சென்னையிலிருந்து வந்த தொல்லியல் அதிகாரி.

சென்னியம்மாளின் கணவனுக்கு அண்ணன் கருப்பண்ணன். அது சாமி இருக்கிற இடம், கை வைத்தால் குடும்பம் விளங்காது என்பது அவர் கட்சி.

"சமாதிதானுங்க" என்றாள் சென்னியம்மாள். மூன்று நாளும் அதையேதான் சொன்னாள்.

இந்த வேலையே அவளால் நடப்பது. துறைக்குப் பதினோரு தபால் கார்டு எழுதியிருந்தாள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவள், இன்னொருவரிடம் சொல்லி எழுதச் சம்மதிக்காமல், முதியோர் கல்வி வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்தாள். முதல் கார்டில் கல் என்பதைக் 'கள்' என்று எழுதியிருந்தாள். பதினோராவது கார்டில் ஒரு பிழை கிடையாது.

அதிகாரி அந்தக் கார்டுகளை ஊராரிடம் காட்டி, சரித்திரத்தின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனுஷியை நான் பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தார்.

இப்போது அவர் குழிக்குள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார். ஓரத்து மண் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது.

யாரோ புதையலுக்காக முன்பே கிளறிவிட்டார்கள், இனி கீழே போய்ப் பிரயோசனமில்லை என்றார்.

"எடுக்கறதுக்குத்தான் தோண்டோணும்னு இல்லீங்களே சார். வெக்கறதுக்கும் தோண்டுவாங்க. இன்னொரு மொழம் பாருங்க" என்றாள் சென்னியம்மாள்.

மேலே நின்ற கருப்பண்ணன் தணிந்த குரலில் கூப்பிட்டார். "சாரே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு. ஏறி வா அம்மிணி."

அவள் ஏறவில்லை. கூடையை ஓரமாக வைத்துவிட்டு மண்டியிட்டாள். கூலிக்கு வந்திருந்த மாரியப்பனின் கையிலிருந்து சிறு கொத்துக்கரண்டியை வாங்கி, அதிகாரி சொல்லிக்கொடுத்திருந்தபடியே மேல்மண்ணை மெல்லச் சுரண்டினாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். "சரிம்மா, ஒரு முழம். அதோடு நிறுத்திக்கணும்" என்று விளிம்பில் உட்கார்ந்தார்.

மாரியப்பனும் கடப்பாறையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினான்.

அரை முழம் வரை மண்தான்.

பிறகு கறுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. ஒரு டயர் செருப்பு.

"பாத்தீங்களா? கிளறினவன் விட்டுட்டுப் போயிருக்கான். எடுத்து வெளியே போடுங்க" என்றார் அதிகாரி.

அவள் இழுத்தாள். செருப்பு வரவில்லை. வாருக்கு அடியில் விரலை விட்டு மண்ணைத் தள்ளினாள்.

அது காலில் மாட்டியபடியே இருந்தது.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

அவள் கணவன் மணியன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ஆந்திராவுக்குப் போனவன் திரும்பவில்லை என்றுதான் ஒன்பது வருஷமாக ஊர் பேசியது. லாரி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவர் கருப்பண்ணன். அதற்கு முந்தின நாள்தான் அண்ணனும் தம்பியும் காட்டைப் பாகம் பிரிப்பதில் சண்டையிட்டிருந்தார்கள். மறுநாள் விடியும் நேரத்தில் கருப்பண்ணன் கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். குள்ளர் ஊட்டுப் பக்கமிருந்து வந்த தடத்தில் புதுமண் சிந்தியிருந்தது.

அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். பொம்பளை பேச்சை நம்பி மலை மாதிரிக் கல்லைப் பெயர்க்க முடியுமா என்று திருப்பி அனுப்பினார்கள்.

தானே தோண்டினால் யாரும் நம்பமாட்டார்கள், உண்மை அவளோடே போய்விடும். நாலு பேர் பார்க்க, அரசாங்கம் தோண்ட வேண்டும். அதற்குத்தான் எழுத்துப் படித்தாள். அந்த ஒன்பது வருஷமும் அதே வீட்டில், தன் கையாலேயே கருப்பண்ணனுக்குச் சோறு போட்டாள்.

"இது... யாரும்மா?" என்றார் அதிகாரி.

"எங்க ஊட்டுக்காரருங்க."

கருப்பண்ணன் வரப்பில் இறங்கி நடக்கத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நாலைந்து பேர், யாரும் சொல்லாமலே, தடத்தை மறித்து நின்றுகொண்டார்கள். அதிகாரியின் ஜீப் போலீஸை அழைத்துவரப் புறப்பட்டது.

சென்னியம்மாள் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பின் மேலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாரியப்பண்ணா, கடப்பாறைய மேல வெச்சிருங்க" என்றாள். "இனிக் கையிலயே எடுத்துக்கலாம்."