பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும்

"எனக்கென்னமோ ரெண்டு படமும் ஒண்ணு போலத்தான் சார் தெரியுது" என்றார் பத்திரிகை ஆசிரியர், அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்.

கட்டுரை எழுதிய பறவை நிபுணர் சிரித்தார். "உங்களுக்கு அப்படித்தான் தெரியும். நான் இருபது வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறவன். இடப்பக்கம் இருக்கறது பெரிய கொக்கு. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் போகுது பாருங்க. வலப்பக்கம் நடுத்தரக் கொக்கு. கோடு கண்ணுக்குக் கீழேயே நின்னுடுது. அலகும் குட்டை."

"அட, ஆமா!" ஆசிரியருக்கும் இப்போது பளிச்சென்று தெரிந்தது. "கழுத்துகூடக் கொஞ்சம் குட்டைதான்."

"பாத்தீங்களா? கண்ணு பழகணும், அவ்வளவுதான்!"

நிபுணர் பக்கத்தின் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லே-அவுட் செய்யும் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க! நடுத்தரக் கொக்கு படம் இப்பத்தான் வந்துச்சு. இடம் காலியா இருக்கேன்னு பெரிய கொக்கையே இடவலமாத் திருப்பிப் போட்டு வெச்சிருந்தேன்."

நிபுணர் மெதுவாகப் பேனாவை மூடினார்.

"கழுத்து குட்டைன்னு சொன்னது நீங்கதான் சார்" என்றார் ஆசிரியரிடம்.