வேறொரு கணினி

அவர். மருமகள் பூங்கோதை. தம்பி மகன் உமாபதி. மெக்கானிக் ஜெபராஜ்.

அந்த நேரம் அவருடைய பத்திரக் கடைக்குள் இருந்தது இந்த நால்வர்தான். ஐந்தாவது ஆள் இல்லை.

திரையில் ஒரு வரி நின்றது.

'இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது.'

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பத்திரம் எழுதுவதற்கென்றே வாங்கிய மென்பொருள். ஒரு உரிமம், ஒரு கணினி. அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

வேறொரு கணினி.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மூன்று தலைமுறையாகப் பத்திரம் எழுதும் குடும்பம். பிழை என்று இதுவரை ஒரு பத்திரம் திரும்பி வந்ததில்லை.

உமாபதி போன மாதம்தான் பேருந்து நிலையத்துப் பக்கம் தனிக்கடை போட்டிருந்தான். புதிதாக ஒரு கணினியும் வாங்கியிருந்தான்.

அவர் பார்வையைத் திரையிலிருந்து எடுத்து அவன்மேல் வைத்தார்.

“ஐயா, மதர்போர்டு மாத்துனா இப்படித்தான் காட்டும்,” என்றான் ஜெபராஜ். “பெட்டி பழசு, இப்ப நான் மாத்துன போர்டு புதுசு. சாஃப்ட்வேருக்குப் போர்டுதான் ஆளு அடையாளம். போன் போட்டுச் சொன்னா திறந்து விட்டுருவாங்க.”

பெட்டியில் ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம்கூட அழியவில்லை. அதே பெட்டி. அதெப்படி வேறொரு கணினி ஆகும்?

ஜெபராஜும் உமாபதியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதுவும் இப்போது நினைவுக்கு வந்தது.

உமாபதி வாயைத் திறக்கவில்லை.

மடியில் கனமில்லாதவன் பேசியிருப்பான் என்று நினைத்தார். பேசியிருந்தால், கனமிருப்பதால்தான் பேசுகிறான் என்று நினைத்திருப்பார்.

ஜெபராஜ் நிறுவனத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண்குரல்.

“சார், மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க?”

பூங்கோதை மாமனாரைப் பார்த்தாள்.

இரண்டு என்றால் மென்பொருள் திறக்காது. அது பெரிதில்லை. இரண்டு என்றால், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் தன் வீட்டில் திருடன் இருக்கிறான் என்று சொன்னதாகும்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“ஒண்ணு,” என்றார். “எங்க குடும்பத்துல ஒண்ணுன்னா ஒண்ணுதாம்மா.”

அவள் எண்களைச் சொல்லச் சொல்ல, பூங்கோதை தட்டினாள்.

திறந்தது.

உமாபதி எழுந்தான்.

“நம்பித்தான் சொன்னீங்களா, பெரியப்பா?”

“குடும்பத்துக்காகச் சொன்னேன்.”

அவன் வாசல் படிக்கு நடந்தான்.

மறுவாரம் ஜெபராஜ் ஒரு கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உமாபதியுடையது. கடையைக் காலி செய்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டானாம். பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னானாம்.

பூங்கோதை அதை இயக்கி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமல் கடைசிவரை பார்த்தார்.

அந்த மென்பொருள் அதில் இல்லை. ஒருநாளும் ஏற்றியதற்கான தடமும் இல்லை.

பதிவு அலுவலக வாசலில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. பெரியப்பாவின் சாஃப்ட்வேரைத் திருடி உமாபதி மாட்டிக்கொண்டான், அவர் அவனை ஊரைவிட்டே துரத்திவிட்டார் என்று.

தவறு.

அவன் திருடவில்லை. அவர் துரத்தவும் இல்லை. அன்று படியிறங்கும் முன் அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவர் கூப்பிடவில்லை.