தெலுங்கு ரேடியோ

"மாட்டுக்குப் பல்லைப் பாரு, பழைய ரேடியோவுக்கு வால்வைப் பாரு" என்பது ராஜமாணிக்கத்தின் வேதவாக்கு. செவ்வாப்பேட்டையில் யார் பழைய ரேடியோ வாங்கப் போனாலும் அவரைத்தான் கூட அழைத்துப் போவார்கள். இதுவரை போனவர்கள் மூன்றே பேர் என்பது வேறு விஷயம்.

நாலாவதாக வந்து நின்றவள் முத்தம்மாள்.

"அண்ணே, இருந்த ரெண்டு எருமையும் வித்துட்டேன். ஒரு ரேடியோ வாங்கணும். ஏமாந்துட்டா இன்னொரு தபா விக்க எருமை கெடையாது."

ராஜமாணிக்கத்துக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பட்டாளத்தில் இருக்கும் அவள் மகன் சின்னதுரை, கூட வேலை பார்க்கும் ஆந்திரப் பக்கத்துக் கூடூர்க்காரனின் தங்கையைக் கட்டி, தாயிடம் விட்டுவிட்டு, லீவு முடிந்து கிளம்பிவிட்டான். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முத்தம்மாளுக்குத் தெலுங்கு தெரியாது. மூன்று மாதமாக அந்தப் பெண் கிணற்றடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதை ஊரே பார்க்கிறது. மாமியார் கொடுமை என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

மருமகளை அழவிட்டு மகாராணிக்கு ரேடியோ கேட்கிறதாக்கும் என்று அவருக்கு எரிச்சல். ஆனாலும் ஒருத்தர் ஏமாறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திருவள்ளூர் கடைத்தெருவில் அசன் முகைதீன் கடை. ஒரு பேட்டரி ரேடியோவை எடுத்து வைத்தார். ராஜமாணிக்கம் அதன் முதுகுப் பலகையைக் கழற்றச் சொன்னார். உள்ளே மூக்கை நுழைத்துக் கருகல் வாடை வருகிறதா என்று பார்த்தார்.

"ரேடியோ வெச்சுக்கற லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குது, பாய்?"

"பழைய ஓனர் பேர்ல. கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு. தபாலாபீஸ்ல மாத்திக்கலாம்."

"சரி, அரை மணி நேரம் பாடட்டும். வால்வு சூடானாத்தான் வண்டவாளம் தெரியும்."

ரேடியோ கரகரத்துவிட்டு, நெற்பயிருக்கு உரம் போடுவது எப்படி என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தது.

முத்தம்மாள் கையை ஆட்டினாள். "இது வாணாம், பாய். தெலுங்கு ரேடியோ குடு."

அசன் முகைதீன் சிரிக்கவில்லை. "உள்ள இருக்குது, எடுத்தாரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது பெட்டி தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது.

"இதான் வேணும்" என்றாள் முத்தம்மாள்.

ராஜமாணிக்கம் விடுவாரா. "இன்னா பாய், வெளையாடறியா? அதே பொட்டி. அதே கீறல். முள்ளை மட்டும் பெஜவாடா ஸ்டேஷனுக்குத் திருப்பி வெச்சிக்கினு வந்துகீற."

"அந்தம்மா தெலுங்கு கேட்டாங்க சார். பேசுதா இல்லியா? வெலைய ஏத்துனேனா?"

ராஜமாணிக்கம் முத்தம்மாள் பக்கம் திரும்பினார். "ரேடியோவுல தமிழு, தெலுங்குன்னு தனித்தனியா கெடையாது. இந்தத் திருகை இப்பிடித் திருப்பினா தமிழு, அப்பிடித் திருப்பினா தெலுங்கு. புரிஞ்சுதா?"

அவள் முகம் வாடிவிட்டது.

"பாய், தமிழ் வராத மாதிரி இத்த ரிப்பேர் பண்ணிக் குடுக்க முடியுமா?"

நல்ல ரேடியோவைக் கெடுத்துக் கொடு என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். ராஜமாணிக்கத்துக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார்.

"தமிழ் காதுல உழுந்தா மருமவ கத்துக்கும், தெருவுல நாலு பேராண்ட நாயம் கேக்கும்னு பயமா? நல்லா இருக்குது உன் ரோசனை."

அசன் முகைதீன் ரேடியோவை நிறுத்தினார்.

"அதுக்கு இல்லண்ணே" என்றாள் முத்தம்மாள். "தமிழ் வந்தா நான் அதையே கேட்டுக்கினு குந்திடுவேன். தெலுங்கு எனக்கு எப்ப வர்றது?"

"உனக்கு எதுக்குத் தெலுங்கு?"

"பொண்ணு தெனமும் அழுவுதே."

"ஊர்ல தெலுங்கு தெரிஞ்சவங்களா இல்ல? யாரையாவது உட்டுக் கேக்கறது."

"கேட்டேண்ணே. நெல்லு மண்டிக்காரரக் கூட்டியாந்து கேக்கச் சொன்னேன். ஒண்ணும் இல்லன்னுடுச்சு. பொம்பளப் புள்ள வேத்து ஆளாண்ட இன்னான்னு சொல்லும்? அது தமிழ் கத்துக்கினு வந்து சொல்ற வரைக்கும் அழுவட்டும்னு உட்டுட முடியுமா? 'ஏம்மா அழுவுற'ன்னு அது பாஷையில நானே கேக்கணும்ணே. அதுக்குத்தான் எருமைய வித்தேன்."