ஒரு லாரியை மட்டும் விசாரித்த சாவி

"அந்தச் சாவியை மட்டும் விட்டுடும்மா."

பூட்டு சார் இப்படிச் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பார்சல் கம்பெனியின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி அவர். வெளியிலிருந்து எந்த ஆப் தகவல் கேட்டாலும், ஏபிஐ கேட்வே என்ற கணினி வாசலில் தன் சாவியை, அதாவது ரகசியக் குறியீட்டைக் காட்டித்தான் உள்ளே வர முடியும். முதலாளியின் மாப்பிள்ளையையே "முறைப்படி வாங்க" என்று திருப்பி அனுப்பியவர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

பழைய சாவிகளையெல்லாம் ரத்து செய்யச் சொன்னதும் அவரேதான்.

"யாரோடது சார் அது?"

"தெரிஞ்சவங்கம்மா." எழுந்து போய்விட்டார்.

அவள் வேலைக்குப் புதுசு. ஆனாலும் மண்டை குடைந்தது. அந்தச் சாவி அப்படி என்னதான் கேட்கிறது?

பார்த்தாள். நூற்றுக்கணக்கான லாரிகள் ஓடும் கம்பெனியில் அது ஒரே ஒரு லாரியைத்தான் விசாரித்தது. 'இப்போ எங்கே?' நிமிஷத்துக்கு நிமிஷம் அதே கேள்வி.

லாரியில் இன்றைக்கு என்ன சரக்கு? விலை உயர்ந்த செல்போன்கள்.

கொள்ளையடிக்க யாரோ நோட்டம் விடுகிறார்களா? அதற்குப் பூட்டு சாரே துணையா?

சாவியை ரத்து செய்தாள்.

அது மறுபடி கேட்டது. கேட்வே மறுத்தது. இப்போது விடாமல் தட்டியது. திருடன் இப்படியா பதறுவான்?

பூட்டு சார் செல்போனும் கையுமாக ஓடி வந்தார்.

"மூடிட்டியாம்மா?"

"ஆமா சார். யாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா மேலே சொல்லிடுவேன்." அவள் நகரவில்லை.

அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், டிரைவர் பேசறேன். வண்டியை ஓரங்கட்டிட்டேன். என் வீட்டுக்காரி வீடியோ கால்ல வந்து அழுதா சார். நீங்க குடுத்த மேப்ல என் வண்டியைக் காணோமாம். அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது, உங்களுக்குத் தெரியுமே. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நான் எந்தக் கையால சார் அவகிட்ட சைகையில பேசறது?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சார்... நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"நீ செஞ்சது சரிதாம்மா. முறையில்லாம குடுத்தது நான். அந்த லாரியை மட்டும் பார்க்கிற மாதிரி கட்டுப்பாடு வெச்சுத் திறந்துடு. மேலே நானே சொல்லிக்கறேன்."

விரல்கள் பறந்தன. கேட்வே வழிவிட்டது.

ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"செல்லுல சிரிக்கிற பொம்மை அனுப்பிட்டா சார். வண்டியை எடுக்கறேன்... ரொம்ப நேரம் நின்னா மறுபடி பயந்துடுவா."